முட்டி தேறியது, நடை திரும்பவில்லை: அல்சூர் சந்து ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பெங்களூரு அல்சூரில், சோமேஸ்வரர் கோவிலிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் இருக்கிற ஒரு சந்தில், தரைத்தள வீட்டில், மகன் மருமகள் பேத்தியோடு இருக்கிறார் இந்த அம்மா. வயது 73. பெயர் வேண்டாம். அடையாளம் தெரியாதபடி குடும்ப விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், அளந்த அளவுகளை மாற்றவில்லை. நான் வீடுகளுக்குப் போய்ச் சிகிச்சை தருகிற பிசியோதெரபிஸ்ட். மகன் போனில் சொன்னது இவ்வளவுதான்: "மேடம், அம்மா வெளிய போறதையே விட்டுட்டாங்க. முட்டி தேஞ்சிடுச்சு போல. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். இரண்டு முட்டியிலும் தேய்மானம், இடது கொஞ்சம் கூடுதல். ரத்த அழுத்தம் உண்டு, கால் வீக்கத்துக்குக் காலையில் ஃப்யூரோஸமைட் மாத்திரை. கண்புரை அறுவை ஒரு கண்ணில் முடிந்தது, இன்னொன்று பாக்கி. பேச்சும் நினைவும் தெளிவு. கணவர் இறந்து ஒன்பது வருஷம். கோவில் வாசலில் பூக்கட்டி விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர், விற்பதை விட்ட பிறகும் தினம் கோவில் பக்கம் நடந்து போய்ப் பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்து நாலு முழம் கட்டிக் கொடுத்துவிட்டு வருவார். ஏரிக்கரையில் 2009-இல் திருவள்ளுவர் சிலை திறந்தபோது கூட்டத்தோடு நடந்தே போய்ப் பார்த்ததை இன்னும் சொல்கிறார். அப்படிப்பட்டவர் ஐந்தாறு மாதமாக வாசற்படியோடு நின்றுவிட்டார்.

முதல் நாள் அளவுகள் இவை. நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார, அதாவது டைம்டு அப் அண்ட் கோ சோதனையில், 17 வினாடி. 12 வினாடி தாண்டினாலே விழும் அபாயம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 21 வினாடி. நடை வேகம் வினாடிக்கு 0.6 மீட்டர்.

அப்புறம் லைஃப் ஸ்பேஸ் அசெஸ்மென்ட் எடுத்தேன். அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகத்தில் உருவாக்கியது, 2003 முதல் புழக்கத்தில் இருக்கிறது. கடந்த நாலு வாரத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் போனார், எத்தனை தடவை போனார், யார் துணையில் போனார் என்று மட்டும் கேட்கும். படுக்கையறைக்கு வெளியே, வாசல், அக்கம்பக்கம், ஊருக்குள், ஊருக்கு வெளியே என்று ஐந்து வட்டம். துணை இல்லாமல் போனால் 2, கோல் மாதிரி கருவியோடு போனால் 1.5, ஆள் பிடித்துக்கொண்டால் 1. வட்டத்தின் எண், தடவைக்கான மதிப்பு, துணைக்கான மதிப்பு மூன்றையும் பெருக்கி, ஐந்து வட்டத்தையும் கூட்டினால் அதிகபட்சம் 120. 60க்குக் கீழே போனால் நடமாட்டம் சுருங்கிவிட்டது என்று பொருள். இந்தக் கேள்விகளில் எனக்குப் பிடித்த விஷயம், "உங்களால் முடியுமா" என்று அது கேட்பதே இல்லை, "போனீர்களா" என்றுதான் கேட்கும். அம்மாவுக்கு வந்தது 31. ஒரு வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்தது என்று அவரும் மருமகளும் நினைவுபடுத்திச் சொன்னதை வைத்துப் போட்டுப் பார்த்தால் 64. நினைவிலிருந்து போடுகிற கணக்கு துல்லியம் இல்லைதான், ஆனாலும் பாதிக்கு மேல் போய்விட்டது என்பதில் சந்தேகம் இல்லை.

ஆறு வாரம் பயிற்சி கொடுத்தேன். தொடைத் தசைக்கு, இடுப்புக்கு, சமநிலைக்கு. மருமகள் தினமும் கூட நின்று செய்ய வைத்தார், அத்தைக்கும் மருமகளுக்கும் அவ்வளவு ஒட்டு. ஆறாவது வாரம் அளந்தபோது 17 வினாடி 14 ஆகியிருந்தது, 21 வினாடி 16 ஆகியிருந்தது, நடை 0.7-க்கு வந்திருந்தது. 73 வயதில் ஆறு வாரத்தில் இது நல்ல முன்னேற்றம். எனக்குச் சந்தோஷம்தான்.

லைஃப் ஸ்பேஸ் மட்டும் அதே 31.

மகன், "வயசாகுதில்ல மேடம், மனசு சோர்ந்துட்டாங்க" என்றார். மனச்சோர்வுக்கான கேள்விகளும் கேட்டுப் பார்த்தேன், அந்தப் பக்கம் ஒன்றும் பெரிதாக இல்லை. பேத்தியோடு சிரிக்கிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். கோவில் பேச்சை எடுத்தால் மட்டும் பேச்சை மாற்றுகிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு வாரமும் நான் அளந்தது எல்லாம் ஹாலில், சமமான மொசைக் தரையில், மின்விசிறிக்குக் கீழே. அவர் நடக்க வேண்டிய தரையை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு நேரே உள்ளே போய்க்கொண்டிருந்தேன். இந்தத் தப்பைத்தான் முக்கியமாக எழுத நினைத்தேன், ஏனென்றால் என்னை மாதிரி வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை தருகிற பலர் இதையேதான் செய்கிறோம்.

கூட நடந்த நாள்

ஏழாவது வாரம், "அம்மா, இன்னைக்குப் பயிற்சி வேண்டாம், என்னைக் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். கையில் அளவு நாடாவோடு நானும் கிளம்பினேன்.

வீட்டு வாசற்படியிலிருந்து நடைபாதைக்கு இறங்குகிற உயரம் 28 சென்டிமீட்டர். சாலைகளுக்கான தரவிதிகளை வகுக்கிற இந்திய சாலைக் காங்கிரசின் பாதசாரி வழிகாட்டுதல் நடைபாதை விளிம்புக்கு அனுமதிக்கிற உயரமே 15 சென்டிமீட்டர்தான், இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனாலும் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார், பழகின படி. சிக்கல் அங்கே இல்லை.

பெங்களூரின் பழைய பகுதிகளில் நடைபாதை என்பது பெரும்பாலும் மழைநீர் மோரியின் மூடிதான். கிரானைட் பலகைகளை, இங்கே சப்படிக் கல் என்பார்கள், மோரியின் மேல் வரிசையாகப் படுக்க வைத்திருப்பார்கள். கல் சரியாக உட்கார்ந்திருந்தால் நடக்க நல்ல தரை. ஒரு முனை இறங்கினால் காலை வைத்ததும் மறுமுனை தூக்கும். குழாய்க்கோ கேபிளுக்கோ கல்லைத் தூக்கினவர்கள் திரும்ப வைக்காமல் போனால் மூன்றடி ஆழத்தில் மோரி வாயைத் திறந்துகொண்டு இருக்கும். வீட்டிலிருந்து 60 மீட்டரில் அப்படித்தான் மூன்று கல் இல்லை. எட்டு மாதமாக இல்லை என்றார் எதிர்வீட்டுப் பால்காரர்.

அம்மா அங்கே வந்ததும் நின்றுவிட்டார். என் கையைப் பிடித்தார், பிடி இறுகியது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "யார்கிட்டயும் சொல்லாத கண்ணு. அன்னைக்குக் கரண்ட் போயிருந்துச்சு. இங்கதான் ஒரு கால் உள்ள போயிடுச்சு. பக்கத்துல நின்ன வண்டியப் புடிச்சுக்கிட்டேன்." விழவில்லை. முழங்காலுக்குக் கீழே சிராய்ப்பு மட்டும். வீட்டில் சொல்லவே இல்லை. அடுத்த சந்தில் ஒரு அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்ததிலிருந்து, மகன் "நீ வெளிய போய் விழுந்தா யாரு பாக்குறது" என்று சொல்ல ஆரம்பித்திருந்தாராம். இதையும் சொன்னால் மொத்தமாகத் தடை போட்டுவிடுவார் என்று பயந்து மறைத்தவர், கடைசியில் தனக்குத் தானே தடை போட்டுக்கொண்டார்.

இன்னொரு நூறு மீட்டர் தள்ளி ஒரு தையல் கடை இருந்ததாம், அதன் முன்னால் ஒரு கல் திண்ணை. அம்மாவின் முட்டி இப்போது நிற்காமல் சுமார் 150 மீட்டர்தான் தாங்கும், அதற்கு மேல் இரண்டு நிமிஷம் உட்கார வேண்டும். வருஷக்கணக்காக அந்தத் திண்ணையில் உட்கார்ந்து தையல்காரரோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் மீதி தூரம் போயிருக்கிறார். அந்தக் கட்டடத்தை இடித்து நாலு மாடி எழுப்புகிறார்கள். கீழே கார் நிறுத்த, மேடான சிமெண்ட் சரிவு ஒன்று நடைபாதையை முழுக்கத் தின்றுவிட்டு ரோடு வரை வந்திருக்கிறது. நடைபாதை 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல். அங்கே எஞ்சியிருப்பது பூஜ்யம், ரோட்டில் இறங்கி ஆட்டோவோடும் டெலிவரி பைக்குகளோடும்தான் நடக்க வேண்டும். மழை பெய்த ஒரு நாள் அந்தச் சரிவில் நானே வழுக்கினேன்.

தெருநாய்கள் உண்டு, ஆனால் அவருக்கு அவற்றிடம் பயம் இல்லை, பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்.

கடைசியாக ஒன்று சொன்னார், தயங்கித் தயங்கி. காலை மாத்திரை போட்டால் மத்தியானம் வரை அடிக்கடி சிறுநீர் வரும். முன்பு கோவில் பக்கத்தில் பூக்கடைக்காரர் ஒருவர் வீட்டுக் கழிப்பறையை உபயோகிக்கவிட்டார், அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள். ஃப்யூரோஸமைடின் வேலை சுமார் ஆறு மணி நேரம் இருக்கும். அவர் கோவிலுக்குப் போகிற நேரமோ காலை ஒன்பது. இதை டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "இதையெல்லாம் போய் ஆம்பளை டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது?"

மொத்த தூரம் 430 மீட்டர். 0.7 வேகத்தில் நிற்காமல் நடந்தால் பத்து நிமிஷம். அன்றைக்கு எங்களுக்கு முப்பத்தைந்து நிமிஷம் ஆனது, திரும்பும்போது ஆட்டோ பிடித்தோம்.

வீட்டுக்கு வந்து விழுவதைப் பற்றிய பயத்தை அளக்கிற ஃபால்ஸ் எஃபிகசி ஸ்கேல் இன்டர்நேஷனல் (FES-I) கேள்விகளைக் கேட்டேன். 16 கேள்வி, குறைந்தது 16, அதிகம் 64, 28-லிருந்தே அதிக பயம் என்று கணக்கு. அம்மாவுக்கு 41. ஆனால் கூட்டுத்தொகையைவிட அது எங்கிருந்து வந்தது என்பதைப் பாருங்கள்: உடை மாற்ற, சமைக்க, நாற்காலியில் உட்கார எழ, எல்லாவற்றுக்கும் 1 போட்டவர், கடைக்குப் போக, அக்கம்பக்கம் நடக்க, கூட்டத்தில் நடக்க, மேடுபள்ளத்தில் நடக்க, எல்லாவற்றுக்கும் 4 போட்டார். பயம் முழுக்க வாசலுக்கு வெளியே இருக்கிறது. நான் ஆறு வாரம் வேலை செய்தது வாசலுக்கு உள்ளே.

என்ன நடந்திருக்கிறது

முதுமையைப் பற்றி ஆராய்ந்த பவல் லாட்டன், லூசில் நாஹெமோ இருவரும் 1973-இல் வைத்த விளக்கம் இந்த அம்மாவுக்கு அப்படியே பொருந்துகிறது. மனிதரிடம் இருக்கிற திறன் ஒரு பக்கம், சுற்றுப்புறம் கொடுக்கிற அழுத்தம் மறுபக்கம், இரண்டும் ஒத்துப்போகிற வரை ஒருவர் தன் பாட்டுக்கு நடமாடுவார். திறன் குறையக் குறைய சுற்றுப்புறத்தின் சின்ன மாற்றம்கூடப் பெரிதாகத் தாக்கும். அதே மூன்று கல் இல்லாத இடத்தை மருமகள் தினமும் செல்போன் பேசிக்கொண்டே தாண்டுகிறார், அப்படி ஒரு பள்ளம் இருப்பதே நான் கேட்டபோதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. அத்தைக்கு அது ஊரின் எல்லை.

அந்த வருஷத்தில் அம்மாவின் முட்டி கொஞ்சம்தான் மோசமானது. தெருதான் நிறைய மோசமானது, அதுவும் ஒரே நாளில் இல்லை: முதலில் கல் போனது, அப்புறம் திண்ணை, அப்புறம் கழிப்பறை, அப்புறம் மகனின் பயம். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் சமாளித்திருப்பார். வெளியே போவது குறைந்ததும் தொடைத் தசை இளைத்தது, இளைத்ததும் முட்டி வலி கூடியது, அந்த வலியைப் பார்த்து நாங்கள் எல்லோரும் முட்டியில்தான் பிரச்சினை என்று முடிவு கட்டினோம்.

மகன் ஒரு தடவை, "அல்சூர்ல மெட்ரோ இருக்கு மேடம், லிஃப்ட் இருக்கு, எங்க வேணா போகலாமே" என்றார். உண்மைதான், பெங்களூரின் முதல் மெட்ரோ பாதையே 2011 அக்டோபரில் இந்த வழியாகத்தான் ஓட ஆரம்பித்தது, நிலையத்தில் லிஃப்டும் இருக்கிறது. வீட்டு வாசலுக்கும் அந்த லிஃப்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன். பஸ்ஸும் அப்படியே. 2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் இலவசம், அம்மா அதில்தான் சிவாஜிநகர் போய்ப் பூ வாங்கி வந்தார், எவ்வளவு பெருமையாகச் சொல்கிறார் தெரியுமா. ஆனால் ஏசி பஸ்கள் அந்தத் திட்டத்தில் இல்லை. வெகுகாலமாக இந்த ஊரில் தாழ்தளப் பஸ், அதாவது உயரமான படி இல்லாத பஸ், என்றால் அந்த ஏசி வால்வோதான். சாதாரண பஸ்ஸின் உயரமான முதல் படியில் ஏறுவதற்கு இப்போது இடது முட்டி ஒத்துழைப்பதில்லை. இப்போது ஓடுகிற மின்சாரப் பஸ்களில் தாழ்தளமானவை வந்திருக்கின்றன, அவர் வழியில் அது வரும் நேரத்தை மருமகள் கவனித்து வைத்திருக்கிறார்.

என்ன செய்தோம்

கல்லுக்காக முதலில் பொறுப்பான அலுவலகத்தில் புகார் போட்டோம், படத்தோடு. ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பால்காரர்தான் சந்தில் இருக்கிறவர்களிடம் காசு வசூலித்து, பக்கத்தில் வேலை செய்த கொத்தனாரைப் பிடித்து, ஓரமாகக் கிடந்த இரண்டு கல்லைத் தூக்கி வைக்கச் செய்தார். மூன்றாவது கல் உடைந்துபோயிருந்தது. அந்த இடத்தில் ஒரு மரப்பலகை கிடக்கிறது, அதை அம்மா மிதிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். இது குடியிருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலையே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஒரு தெருவில் நல்ல பால்காரர் இருந்தால்தான் வயதானவர் நடக்கலாம் என்றால் அது ரொம்ப அநியாயம்.

உட்கார இடத்துக்கு அவ்வளவு அலைய வேண்டியிருக்கவில்லை. வழியில் இருந்த மருந்துக் கடையிலும், கோவிலுக்கு முந்தின திருப்பத்து டீக்கடையிலும் கேட்டோம். "அம்மாவுக்கு இல்லாத ஸ்டூலா" என்று டீக்கடைக்காரர் உடனே எடுத்துப் போட்டார், அவர் சின்னப் பையனாக இருந்தபோது அம்மாவிடம் பூ வாங்கியவராம். இப்போது எந்த இடத்திலும் 150 மீட்டருக்கு மேல் உட்காராமல் நடக்க வேண்டியதில்லை.

மாத்திரையைப் பற்றி மருமகள் டாக்டரிடம் பேசினார். டாக்டர் நேரத்தை மாற்றவில்லை, காலையிலேயே இருக்கட்டும் என்றார், அது சரிதான், ராத்திரி எழுந்து போவது இன்னும் ஆபத்து. அதனால் நடையை மாலைக்கு மாற்றினோம். நாலரைக்குக் கிளம்பினால் மாத்திரையின் வேகம் அடங்கியிருக்கும், இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். பிரதோஷ பூஜையும் அந்த நேரம்தான் என்பதால் அம்மாவுக்கு இந்த ஏற்பாட்டில் பரம திருப்தி.

கோலுக்குத்தான் அதிக நாள் ஆனது. "கோல் எடுத்தா கிழவின்னு முடிவாயிடும்" என்று பிடிவாதம். மறைந்த கணவருடைய பழைய குடையை ஊன்றிக்கொண்டு போகப் பார்த்தார், அதன் முனையோ வழுவழு இரும்பு. கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடிப்பு வருகிற உயரத்துக்குச் சரிசெய்த ஒரு கோல், அடியில் புது ரப்பர், வலது கையில். இடது முட்டி மோசம் என்றால் கோல் வலது கையில்தான் இருக்க வேண்டும், நான் பார்க்கிறவர்களில் பாதிப்பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள். ஹாலில் செய்த பயிற்சியையும் தெருவுக்குக் கொண்டுபோனேன். வாசற்படியில் ஏறி இறங்குவது, ஆடுகிற கல்லைக் கோலால் முதலில் தட்டிப் பார்ப்பது, சிமெண்ட் சரிவில் ரோட்டுக்கு இறங்கும் முன் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பது.

மகனிடம் பேசியதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் பயப்படுவதில் தப்பே இல்லை, அம்மா மேல் உயிரையே வைத்திருக்கிறார். வீட்டிலேயே உட்கார வைத்தாலும் தசை இளைத்து, குளியலறையில் விழுகிற அபாயம் கூடும் என்று அளவுகளைக் காட்டிச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் எங்களோடு நடந்து வந்தார். அம்மா கோல் ஊன்றிப் போவதைப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே வந்தவர், மரப்பலகை கிடந்த இடத்தில், "இது இப்படிக் கிடக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா" என்றார்.

இப்போது

இருபதாவது வாரம் எடுத்த லைஃப் ஸ்பேஸ் 41.5. வாரத்தில் நாலைந்து நாள் கோலோடு கோவில் வரை தனியாகப் போய் வருகிறார். பயத்தின் அளவு 41-லிருந்து 31-க்கு வந்திருக்கிறது. 64 திரும்பவில்லை, திரும்பும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. நடுவில் தடையாக இருப்பது மெயின் ரோடு. மர்ஃபி டவுனில் இருக்கிற தங்கையைப் பார்க்க அதைக் கடக்க வேண்டும். அகலம் 14 மீட்டர். வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 12 வினாடி போதும், பச்சை விளக்கு நேரத்தைக் கணக்கிடப் பரவலாக எடுத்துக்கொள்கிற வேகமும் அதுதான். அம்மாவுக்கு 20 வினாடி வேண்டும். நான் நின்று எண்ணியதில் அங்கே கிடைப்பது 15. நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு இருந்தால்கூடப் போதும், அதுவும் இல்லை. அந்த ஐந்து வினாடிக்கு என்னிடம் எந்தப் பயிற்சியும் இல்லை. தங்கைதான் இப்போது மாதம் ஒரு தடவை இந்தப் பக்கம் வருகிறார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மருமகள் போன் செய்தார். கேபிள் போட வந்தவர்கள் திருப்பத்தில் இருந்த இரண்டு கல்லை எடுத்துவிட்டார்களாம். இந்தத் தடவை அத்தையே அங்கே நின்றுகொண்டு, திரும்ப வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நாளைக் காலை போய்ப் பார்க்கிறேன்.